பிரெய்ரிப் புல்வெளியில் ஈ பார்க்கப் போகிறவர்களுக்கு

கனடாவில் கல்கரியிலிருந்து ரெஜைனாவுக்குக் காரில் போய் வந்தவர்களைக் கேட்டால், "வழியெல்லாம் ஒன்றுமே இல்லை, வெறும் புல்தான்" என்பார்கள். ஜூலையில் போயிருந்தால், பெட்ரோல் போட நிறுத்திய இடத்தில் பூச்சிகள் மோதி அப்பிய காரின் முன்கண்ணாடியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியும் இருப்பார்கள். ஒன்றுமே இல்லாத இடத்தில் கண்ணாடி ஏன் அவ்வளவு அழுக்காகிறது என்று யாரும் யோசிப்பதில்லை.

ஆல்பர்ட்டா, சஸ்காச்சுவான், மனிடோபா மாகாணங்களின் தென்பகுதியில் பரந்து கிடக்கும் பிரெய்ரி என்ற புல்வெளிகளில் ஈக்களைப் பார்க்கவும் பிடிக்கவும் பதியவும் புதிதாகத் தொடங்குபவர்களுக்காக இதை எழுதுகிறேன். பறவைக்கும் பட்டாம்பூச்சிக்கும் ஆர்வலர் கூட்டம் உண்டு. ஈக்கு ஆள் குறைவு. அதனாலேயே புதியவர் ஒருவர் ஒழுங்காக எழுதிவைக்கும் பதிவுக்கும் இங்கே மதிப்பு இருக்கிறது. 2019-ல் வெளியான ஒரு கணக்கின்படி கனடாவில் 116 குடும்பங்களைச் சேர்ந்த 9,620 ஈ இனங்கள் பெயரோடு பதிவாகியிருக்கின்றன. 1979-ல் எடுத்த கணக்கைவிட இது 36 சதவீதத்துக்கும் மேல் அதிகம். இது கீழ்க்கணக்குதான். டி.என்.ஏ. பட்டைக்குறியீட்டை (இனத்தைப் பிரித்தறிய உதவும் சிறு டி.என்.ஏ. துண்டு) வைத்து 2016-ல் வந்த ஒரு மதிப்பீடு, செடிகளில் முடிச்சு உண்டாக்கும் சிசிடோமையிடே என்ற ஒரே குடும்பத்தில் மட்டும் கனடாவில் 16,000 இனங்கள் இருக்கலாம் என்றது. வீட்டுக்குப் பின்னாலிருக்கும் புல் திட்டிலும் பெயர் வைக்கப்படாத ஈ பறந்துகொண்டிருக்கலாம்.

அது ஈதானா?

ஈக்கு இருப்பது ஒரே ஜோடி இறக்கை. பின்ஜோடி சுருங்கி, நுனியில் குமிழ் வைத்த இரண்டு சிறு குச்சிகளாகிவிட்டது. பறக்கும்போது உடல் எந்தப் பக்கம் சாய்கிறது, திரும்புகிறது என்பதை உணர அவை உதவுகின்றன. இந்தக் கணக்கில் கொசுவும் ஈதான். கொசுவைப் போலவே இருந்தும் கடிக்காத மிட்ஜும், நீளக்காலோடு ஜன்னலில் தொங்கும் கிரேன் ஈயும் அப்படியே.

குழப்பம் வருவது தேனீ வேஷம், குளவி வேஷம் போடும் ஈக்களிடம். மஞ்சளும் கறுப்பும் கண்ணை ஏமாற்றும், அதனால் நிறத்தை விட்டுவிட்டுத் தலையைப் பாருங்கள். பெரும்பாலும் கண்கள் முகத்தையே அடைத்துக்கொண்டிருக்கும், உணர்கொம்பு குட்டையாக இருக்கும், இடுப்பு குளவியுடையதைப் போல ஒடுங்கியிருக்காது. அரைநாள் ஒரு பூச்செடி அருகே உட்கார்ந்தால் இது பழகிவிடும்.

புல்வெளியைப் பிரித்துப் படியுங்கள்

புதியவர்கள் அவசரமாகத் தாண்டிப் போகும் இடம் இதுதான். வலை வாங்குவதற்கு முன் வரைபடத்தை விரித்து வைத்து ஒரு மாலை செலவிடுங்கள்.

இந்தச் சமவெளியின் பெரும்பகுதி கடைசிப் பனியுகத்தில் பனிப்படலத்துக்கு அடியில் கிடந்தது. பனி முழுக்க விலகிப் பத்தாயிரம் ஆண்டுகளுக்குச் சற்று மேல்தான் ஆகிறது. எனவே இங்கே இன்று பறக்கும் ஈக்களில் பெரும்பாலானவற்றின் மூதாதைகள் அதற்கப்புறம் வேறெங்கிருந்தோ, முக்கியமாகத் தெற்கிலிருந்து, வந்து குடியேறியவை. தெற்கே பரவலாக இருக்கும் பல இனங்களுக்கு வட எல்லையே இந்தப் புல்வெளிகள்தான். ஓர் இனம் எந்த ஊர்வரை வருகிறது, எங்கே நின்றுவிடுகிறது என்ற கேள்விக்கு இங்கே விடை தேடுவது சுவாரசியமாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

மழையை வைத்துப் பார்த்தால் நிலம் தானாகப் பிரியும். ஆல்பர்ட்டாவின் தென்கிழக்கும் சஸ்காச்சுவானின் தென்மேற்கும்தான் ஆக வறண்டவை. ஆண்டுக்கு முந்நூறு மில்லிமீட்டரை ஒட்டியே மழையும் பனியும் சேர்ந்து விழும். 1857 முதல் 1860 வரை இந்தப் பக்கம் சுற்றிய ஜான் பாலிசரின் பயணக்குழு, இதை விவசாயத்துக்கு லாயக்கில்லாத முக்கோணம் என்று ஒதுக்கிவிட்டது. பாலிசர் முக்கோணம் என்ற பெயர் இன்றும் நிற்கிறது. கணுக்கால் உயரம்கூட எட்டாத கிராமா புல், ஊசிப்புல், சாம்பல் நிற சேஜ் புதர், நடுநடுவே வெறும் மண். மற்றப் பூச்சிகளை வேட்டையாடும் கொள்ளை ஈக்களுக்கும், தேனீ போலத் தோன்றும் தேனீப்போலி ஈக்களுக்கும் இது தேசம். வெயிலும் திறந்த மண்ணும் இருந்தால் அவற்றுக்குப் போதும்.

அங்கிருந்து வடக்கேயும் மலையடிவாரம் நோக்கி மேற்கேயும் போனால் ஈரம் கூடும். கட்டுக்கட்டாக வளரும் ஃபெஸ்க்யூ புல் வரும். இன்னும் வடக்கே ஆஸ்பென் மரத் தோப்புகளும் புல்லும் கலந்த பார்க்லாண்ட். அங்கே காட்டு ஈயும் புல்வெளி ஈயும் ஒரே வலையில் விழும். மனிடோபாவின் தென்கிழக்கில் ஆள் உயரத்துக்கு ப்ளூஸ்டெம் புல் வளரும் நெடும்புல் நிலம் இருந்தது. "இருந்தது" என்பதைக் கவனியுங்கள். உழுது முடித்து இன்று ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவே மிஞ்சியிருக்கிறது. டால்ஸ்டாய், ஸ்டூவர்ட்பர்ன் பக்கம் பாதுகாக்கப்பட்ட துண்டுகள் உண்டு.

இந்தப் பெரும் பிரிவுகளுக்குள் தனித்தீவுகள் சில இருக்கின்றன. ஆல்பர்ட்டா, சஸ்காச்சுவான் எல்லையில் நிற்கும் சைப்ரஸ் ஹில்ஸின் உச்சி பனிப்படலத்துக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டிருந்தது. இன்றும் அதன்மேல் பைன் மரக் காடு. சுற்றிலும் வறண்ட புல். கீழே வலை வீசிவிட்டு, ஒரு மணி நேரம் காரில் ஏறி மேலே வீசினால், ராக்கி மலையடிவாரத்துக்குப் போய்விட்டோமோ என்று தோன்றும். சஸ்காச்சுவானின் கிரேட் சாண்ட் ஹில்ஸ் சுமார் 1,900 சதுர கிலோமீட்டர் மணல்மேடு. பெரும்பகுதியில் புல் பிடித்திருக்கும், ஆங்காங்கே வெறும் மணல். சாப்ளின் ஏரி போன்ற உப்பு ஏரிகள் இன்னொரு வகைத் தீவு. வடக்கே பீஸ் ஆற்றின் தெற்கு நோக்கிய சரிவுகளிலும் யூக்கானின் வறண்ட சரிவுகளிலும், காட்டுக்கு நடுவே சின்னச் சின்னப் புல்வெளிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. முதல் வருடமே அங்கெல்லாம் போக வேண்டாம், ஆனால் வரைபடத்தில் குறித்து வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஏற்கெனவே வெளியான பரவல் வரைபடங்களில் புள்ளிகள் குவிந்திருக்கும் இடங்களில்தான் ஈக்கள் குவிந்திருக்கின்றன என்று நினைத்துவிடாதீர்கள். மனிடோபாவில் அவீம் என்ற சிற்றூர் பழைய பூச்சிப் பதிவுகளில் திரும்பத் திரும்ப வரும். காரணம் மண்ணல்ல. 1933-ல் இறந்த பூச்சியியலாளர் நார்மன் கிரிடில் அங்கே குடியிருந்து ஆண்டுக்கணக்கில் சேகரித்தார். பல்கலைக்கழக நகரங்களைச் சுற்றிப் புள்ளிகள் அடர்ந்திருப்பதற்கும் இதே கதைதான். ஈ எங்கே இருக்கிறது என்று காட்டுவதாகச் சொல்லும் வரைபடம், பாதி நேரம் ஈ பிடிப்பவர் எங்கே இருந்தார் என்பதைத்தான் காட்டுகிறது. நீங்கள் போகவேண்டியது வெற்றிடங்களுக்கு.

போவதற்கு முன்

தேசியப் பூங்காவில் பூச்சி பிடிக்கப் அவற்றை நிர்வகிக்கும் பார்க்ஸ் கனடாவின் எழுத்து அனுமதி வேண்டும். மாகாணப் பூங்காக்களுக்கும் அந்தந்த அலுவலகத்தில் கேட்க வேண்டும். படம் எடுப்பதற்கு மட்டும் என்றால் சாதாரண வருகையாளராகவே போகலாம். சஸ்காச்சுவானில் 2022 முதல் தனியார் நிலத்தில் கால் வைக்க முன்கூட்டியே அனுமதி வாங்கியாக வேண்டும். மற்ற மாகாணங்களிலும் பண்ணைக்காரரிடம் கேட்டுவிட்டுப் போவதுதான் மரியாதை. "உங்கள் மாட்டைக் கடிக்கும் ஈ என்ன ஈ என்று பார்க்கிறேன்" என்று சொன்னால் அநேகமாகக் கதவு திறக்கும். கூடவே மாட்டைப் பற்றி அரை மணி நேரம் கேட்கவும் வேண்டியிருக்கும். கேளுங்கள், அவர்களுக்குத் தெரிந்தது நிறைய.

தெற்குப் புல்வெளியில் விரியன் வகைச் சலங்கைப் பாம்பு உண்டு. உயரமான பூட்ஸ் போடுங்கள், பார்க்காமல் பாறையில் கை வைக்காதீர்கள். மே, ஜூனில் உண்ணி ஏறும். திரும்பியதும் உடம்பைச் சோதியுங்கள். காட்டெருமையிடமிருந்து நூறு மீட்டராவது தள்ளி நில்லுங்கள். மழை வந்தால் மண்பாதை வழுக்கும் களிமண்ணாகிவிடும், கார் நகராது. இடி கேட்டால் வலைக்கம்பைக் கீழே போட்டுவிட்டுக் காருக்குள் போங்கள், அந்த வெளியில் உயரமான பொருள் நீங்கள்தான். உலர்ந்த புல்லின்மேல் சூடான காரை நிறுத்தாதீர்கள், தீப்பிடிக்கும்.

எப்போது

உறைபனி இல்லாத நாட்கள் இங்கே நான்கு மாதத்துக்குள் அடங்கிவிடும். அந்த நெருக்கடியில் ஒவ்வொரு ஈக்கும் ஒரு பருவம். ஏப்ரல் கடைசியில் பனி உருகியதும் ஊதா குரோக்கஸ் பூக்கும், வில்லோ புதர்கள் மகரந்தம் விடும். அப்போது வில்லோ அடியில் நின்றால், ரோமம் அடர்ந்து நீளமான ஊசிமூக்கோடு தொங்கும் பொம்பிலியஸ் தேனீப்போலி ஈயைப் பார்க்கலாம். மே, ஜூனில் பூவருகே அந்தரத்தில் அசையாமல் மிதக்கும் மிதவை ஈக்கள் பெருகும். ஜூன் கடைசி முதல் ஜூலை முடியும்வரை எல்லாம் ஒன்றாகக் கொட்டும். ஒரே ஒரு வாரம்தான் விடுமுறை கிடைக்கும் என்றால் ஜூலை முதல் பாதியைத் தேர்ந்தெடுங்கள். ஆகஸ்டில் பெரிய கொள்ளை ஈக்களும், புள்ளியிறகுத் தேனீப்போலிகளும், முள்மயிர் நிறைந்த டாக்கினிட் ஈக்களும். செப்டம்பரில் கோல்டன்ராட் பூ காயும்வரை வேலை இருக்கும்.

நேரத்தில் காற்றுதான் எஜமானன். பிரெய்ரியில் மதியத்துக்கு மேல் காற்று எழும்பிவிடும். காலை ஒன்பது முதல் ஒரு மணி வரை, வெயிலோடு, புல் நுனி மட்டும் ஆடும் நாள் கிடைத்தால் எதற்கும் விட்டுவிடாதீர்கள். கொசுவும் சில மிட்ஜுகளும் இதற்கு விதிவிலக்கு. கோதுமைக் கதிரைத் தின்னும் மிட்ஜ் அந்திநேரத்தில்தான் பயிருக்கு மேல் எழும். 1983-ல் சஸ்காச்சுவானின் வடகிழக்கில் அது பெருகிப் பெரும் சேதம் செய்ததிலிருந்து, ஜூலை மாலைகளில் வயலுக்குள் குனிந்து அதை எண்ணுவது அங்கே விவசாயிகளின் வழக்கமான வேலைகளில் ஒன்று.

கருவிகள்

அதிகம் வேண்டாம். உறுதியான துணி வலை ஒன்று. பட்டாம்பூச்சிக்கான மெல்லிய வலை ரோஜாப் புதரில் கிழிந்துவிடும். மூடியுள்ள சின்னப் பிளாஸ்டிக் குப்பிகள் ஒரு பை நிறைய. பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ். பென்சில், குறிப்பேடு. மேக்ரோ படம் எடுக்கக்கூடிய கேமரா இருந்தால் நல்லது, இல்லையென்றால் கைபேசியில் மாட்டும் லென்ஸ்.

வலையைப் புல்லின் மேல்பாதியில் வலமும் இடமும் வீசிக்கொண்டே நடங்கள். நிறுத்தியதும் வலை வாயை உடனே மடித்துப் பிடியுங்கள். ஈ ஒளியை நோக்கி மேலே ஏறும் என்பதால், வலையின் நுனியை வானத்தைப் பார்க்கத் தூக்கினால் எல்லாம் அங்கே போய்ச் சேரும். அங்கே குப்பியை நுழைத்து எடுக்கலாம்.

அடுத்தது மஞ்சள் கிண்ணம். மலிவு, ஆனால் ஆச்சரியப்படும் அளவு வேலை செய்யும். மஞ்சள் பிளாஸ்டிக் கிண்ணத்தில் தண்ணீர், அதில் வாசனையில்லாத பாத்திர சோப்பு ஒரு சொட்டு. சோப்பு நீரின் மேற்பரப்பு இழுவிசையை உடைப்பதால் உட்கார்ந்த ஈ மூழ்கிவிடும். காலையில் தரைமட்டத்தில் வைத்து, மாலையில் டீ வடிகட்டியில் வடித்து எடுங்கள். மாடு மேயும் இடத்தில் வைத்தால் மாடு குடித்துவிட்டுக் கிண்ணத்தையும் மிதித்துவிட்டுப் போகும்.

கூடாரம் போல நிற்கும் மலேஸ் பொறி பெரிய ஆயுதம். ஸ்வீடன்காரர் ரெனே மலேஸ் 1930களில் உருவாக்கியது. பறந்து வந்து துணிச்சுவரில் மோதும் ஈ மேலே ஏறிச் சாராயக் குப்பியில் விழும். ஒரு வாரத்தில் ஆயிரக்கணக்கில் சேரும், அத்தனையையும் பிரிக்க ஒரு குளிர்காலம் போதாது. தொடங்குபவர்களுக்கு நான் இதைப் பரிந்துரைப்பதில்லை. பிரிக்க முடியாமல் அலமாரியில் கிடக்கும் குப்பிக்காக அத்தனை உயிர்களைக் கொல்வது வீண்.

எங்கே நிற்பது

புல்வெளியின் நடுவில் நின்று சுற்றிப் பார்ப்பதால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. வாழிடம் மாறும் ஓரங்களைத் தேடுங்கள்.

பூக்களில் தட்டையாக விரிந்தவை முதலில். 'யாரோ' என்ற செடி, கம்வீட், காட்டுப் பார்ஸ்னிப், கோல்டன்ராட் ஆகியவற்றில் தேன் ஆழமாக இருக்காது, குட்டை நாக்குள்ள ஈயும் எட்டும். ஒரே பூக்கொத்தின்முன் கால் மணி நேரம் அசையாமல் நின்றால், மிதவை ஈயின் இரண்டு மூன்று பேரினங்கள் மாறி மாறி வந்துபோகும். அவற்றில் சிலவற்றின் புழு அசுவினியைத் தின்னும், சிலவற்றின் புழு தேங்கிய நீரில் வால்குழாய் வழியாக மூச்சுவிட்டு வளரும். பூவில் மிதவை ஈ எது என்று எழுதும்போது, பக்கத்தில் நீர்நிலை இருந்ததா என்றும் ஒரு சொல் எழுதுங்கள்.

வெறும் மண், மணல், கோஃபர் என்ற தரை அணிலின் வளையைச் சுற்றிய மண்குவியல்: இங்கே உட்கார்ந்திருப்பது அநேகமாக ஆசிலிடே குடும்பத்துக் கொள்ளை ஈ. முகத்தில் மீசை, தலைக்கு மேல் இரண்டு கண்களுக்கு நடுவே பள்ளம். பறந்துபோகும் பூச்சியை நடுவானில் பிடித்து, எச்சிலைச் செலுத்தி உடனே அசைவற்றதாக்கி, உள்ளே கரைந்ததை உறிஞ்சும். பிடித்த இரையோடு திரும்பி வந்து உட்காரும்போது படம் எடுங்கள். என்ன இரை என்பதையும் சேர்த்துப் பதிந்தால் அது இரட்டைப் பதிவு. வெட்டுக்கிளி அளவு பெரிய இரையைத் தூக்கிக்கொண்டு வருவது ஆகஸ்டில் வரும் ப்ராக்டகாந்தஸாக இருக்கலாம். கையால் பிடிக்காதீர்கள், குத்தும்.

அதே மண்ணின் மேல் விரலகல உயரத்தில் மிதந்து, வயிற்று நுனியை மண்ணில் தட்டித் தட்டி எழும்பும் ஈயைப் பார்த்தால், மற்ற வேலையை விட்டுவிட்டுக் கவனியுங்கள். தேனீப்போலி ஈயின் பெண் அது. அவற்றில் பல இனங்கள் வயிற்று நுனியிலுள்ள ஒரு சிறு பையில் மணலை நிரப்பி, முட்டையை மணலில் புரட்டி, மண்ணில் கூடு வைக்கும் தேனீயின் வளைவாயில் பறந்தபடியே வீசி எறியும். புழு உள்ளே போய்த் தேனீயின் பிள்ளையைத் தின்று வளரும். இதே குடும்பத்தில் சிஸ்டோகஸ் என்ற பேரினத்தின் புழு வெட்டுக்கிளியின் முட்டைக்கூட்டைத் தின்னும். வெட்டுக்கிளி பெருகிய நிலத்தில் இந்த ஈயும் பெருகுகிறதா என்பது நீங்களே கவனித்து எழுதக்கூடிய விஷயம்.

தளர்ந்த மணல்மேட்டில் ஒரு சல்லடையைக் கொண்டுபோய்ச் சலித்தால், வெள்ளைப் பாம்புக்குட்டி போல நெளிந்து மணலுக்குள் நீந்தும் புழு கிடைக்கலாம். அது தெரெவிடே குடும்பம். மணலுக்குள் மற்றப் புழுக்களை வேட்டையாடும்.

சாணத்துக்கு வருவோம். முகம் சுளிக்க வேண்டாம், இந்த நிலத்தின் ஈ வரலாறே அதில் இருக்கிறது. காட்டெருமை கூட்டங்கூட்டமாகத் திரிந்த காலத்தில் அதன் சாணத்தில் வளர்ந்தவை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் காட்டெருமை அழிக்கப்பட்டு மாடு வந்தது. மாட்டோடு ஐரோப்பிய ஈக்களும் வந்தன. மாட்டின் முதுகில் கும்பலாக மொய்க்கும் கொம்பு ஈ 1880களில் வட அமெரிக்காவுக்குள் நுழைந்தது. மாட்டின் கண்ணோரம் நக்கும் முக ஈ 1950களில். கொம்பு ஈ இரவும் பகலும் மாட்டின் மேலேயே இருக்கும். பெண் ஈ இறங்குவது, சாணம் விழுந்த சில நிமிடங்களுக்குள் முட்டையிட மட்டும். எனவே சூடு ஆறாத சாணத்துக்கு வரும் ஈயும், மறுநாள் ஓடு கட்டிய பிறகு வரும் ஈயும் வேறு வேறு. குறிப்பில் சாணத்தின் வயதை எழுதுங்கள். புழுநீக்க மருந்தாக மாட்டுக்கு ஐவர்மெக்டின் போட்டிருந்தால் அது சாணத்தில் வெளியேறி அங்கே வளரும் புழுக்களைக் கொல்லும். லெத்பிரிட்ஜிலுள்ள வேளாண் ஆய்வு மையத்தில் இது விரிவாக ஆராயப்பட்டிருக்கிறது. ஆளில்லாத சாணத்தைக் கண்டால் பண்ணைக்காரரிடம் மருந்து எப்போது போட்டார் என்று கேளுங்கள்.

வாயால் உறிஞ்சிப் பூச்சியைப் பிடிக்கும் குழாயை சாணத்துக்குப் பயன்படுத்தாதீர்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

பனிப்படலம் விட்டுப்போன குழிகளில் நீர் தேங்கிய குட்டைகளை உள்ளூரில் ஸ்லூ என்பார்கள். அவற்றின் சேற்றோரத்தில், உலோகப் பச்சையாக மின்னி ஓடும் நீளக்கால் ஈக்கள் இருக்கும். பக்கத்துப் புல்லில் குதிரை ஈயும் மான் ஈயும் உங்களுக்காகக் காத்திருக்கும். அவற்றைத் தேட வேண்டாம், தலையைச் சுற்றிக்கொண்டு தாமே வரும். தொப்பிக்கு மேல் வலையை ஒரு சுற்று வீசினால் போதும். கொசுவில் கியூலெக்ஸ் டார்சாலிஸை இங்கே மறக்க முடியாது. வெஸ்ட் நைல் காய்ச்சலைப் பரப்புவது அது. 2003-லும் 2007-லும் பிரெய்ரி மாகாணங்களில் அந்தக் காய்ச்சல் பெருமளவில் வந்தது. ஜூலை, ஆகஸ்ட் அந்திகளில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். ஆற்றங்கரை என்றால் ரத்தம் உறிஞ்சும் கருப்பு ஈ. சஸ்காச்சுவான் ஆற்றில் பெருகிய அது 1940களில் நூற்றுக்கணக்கான மாடுகளையே கொன்றிருக்கிறது.

உப்பு ஏரிக் கரையில் வெள்ளைப் படிவின்மேல் கறுப்பு விரிப்புப் போல ஏதாவது கிடந்து, நீங்கள் நடக்கும்போது அது விலகி வழிவிட்டால், அவை எஃபைட்ரிடே குடும்பத்துக் கரை ஈக்கள். வேறு பெரும்பாலானவை பிழைக்க முடியாத உப்பில் அவற்றின் புழுக்கள் பிழைக்கும். வலசை போகும் கரைப்பறவைகளுக்கு அவை நல்ல தீனி.

கடைசியாக, குன்றின் உச்சி. தட்டையான இந்த நாட்டில் ஒரு சிறு மேடுகூட ஈக்களுக்குச் சந்திப்பு இடம். டாக்கினிட், சதை ஈ, சில குதிரை ஈ ஆகியவற்றின் ஆண்கள் உச்சியில் ஆளுக்கொரு கல்லைப் பிடித்துக்கொண்டு பெண் வருவதற்காகக் காத்திருக்கும். கீழே நாள் முழுதும் அலைந்தும் கிடைக்காத இனம், உச்சியில் கால் மணி நேரத்தில் கிடைக்கும்.

ஒரே வேலையை இரண்டு இடத்தில் செய்யுங்கள்

பரவலைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் ஒப்பீடு வேண்டும். எளிய வழி: ஓடைப் பள்ளம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். தெற்கு நோக்கிய சரிவு வெயிலில் வறுபட்டுக் குட்டைப் புல்லாக இருக்கும். வடக்கு நோக்கிய சரிவில் பனி தாமதமாக உருகிப் புதர் மண்டியிருக்கும். இரண்டிலும் அதே நாளில், அதே வலையால், ஐம்பது வீச்சு. வந்ததை எண்ணிக் குடும்பவாரியாக எழுதுங்கள். வலையில் மலைபோலக் குவிவது அநேகமாகக் குளோரோபிடே என்ற சிறு புல் ஈக்கள். சலிப்பாக இருக்கும், எண்ணுங்கள். ஒன்றும் வராத வீச்சையும் எழுதுங்கள். குட்டை ஓரத்திலிருந்து மேட்டுநிலம்வரை நேர்கோட்டில் ஐந்து கிண்ணங்கள் வைப்பது இதன் இன்னொரு வடிவம். சில பத்து மீட்டருக்குள் ஈக்கூட்டம் எப்படி மாறுகிறது என்று அதில் தெரியும்.

ஊசியும் சீட்டும்

கொல்லத்தான் வேண்டும் என்றால் வீட்டு ஃப்ரீசரில் ஓர் இரவு வைப்பது போதும். பெரிய ஈயை மார்புப் பகுதியில், நடுக்கோட்டுக்குச் சற்று வலப்புறம் ஊசியால் குத்துங்கள். இனத்தை அடையாளம் காண மார்பிலுள்ள முள்மயிர்களின் வரிசையை எண்ண வேண்டியிருக்கும்; ஒரு பக்கம் கெட்டாலும் மறுபக்கம் மிஞ்சும். சின்ன ஈயை முக்கோணமாக வெட்டிய தடித்த காகிதத்தின் முனையில் பசை வைத்து ஒட்டலாம். மிட்ஜ் போன்ற மெல்லியவை சாராயத்திலேயே இருக்கட்டும். மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹால் ஆரம்பத்துக்குப் போதும், ஆனால் டி.என்.ஏ. எடுக்கும் எண்ணம் இருந்தால் 95 சதவீத எத்தனால் வேண்டும்.

விவரச் சீட்டு இல்லாத ஈ குப்பை. நாடு, மாகாணம், பக்கத்து ஊரும் அதிலிருந்து திசையும் தூரமும், நான்கு தசமத்தில் அட்சரேகை தீர்க்கரேகை, தேதி, பிடித்தவர், பிடித்த விதம். நான்கு தசமம் என்றால் பத்து மீட்டர் அளவுக்குத் துல்லியம். மாதத்தை எண்ணால் எழுதாதீர்கள்: 6/7 என்றால் கனடாவில் ஒருவர் ஜூன் 7 என்பார், இன்னொருவர் ஜூலை 6 என்பார். இரண்டாவது சீட்டில் இடத்தின் இயல்பு: எந்தப் பூவில், எந்தச் சரிவில், எவ்வளவு பழைய சாணத்தில். நூறு ஆண்டு கழித்து இந்த இரண்டாவது சீட்டைத்தான் ஒருவர் நன்றியோடு படிப்பார்.

பெயர் கண்டுபிடிப்பது

முதல் வருடம் குடும்பத்தோடு நின்றுகொள்ளுங்கள். இறக்கை நரம்புகளின் அமைப்பு, உணர்கொம்பின் வடிவம், பாதத்திலுள்ள மெத்தைகளின் எண்ணிக்கை ஆகியவற்றை வைத்து இருபது முப்பது குடும்பங்களைப் பிரிக்கப் பழகினால், வயலில் பார்ப்பதில் பெரும்பகுதி அடங்கிவிடும். கனடா வேளாண் துறை 1981-க்கும் 1989-க்கும் இடையில் மூன்று தொகுதிகளாக வெளியிட்ட வட அமெரிக்க ஈக் கையேடு இன்றும் அடிப்படை. படங்களுக்காகவே புரட்டலாம்.

உயிரினப் படங்களைப் பகிர்ந்து அடையாளம் காணும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் படம் போடும்போது மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முகம் ஒன்று, இறக்கை தெளிவாக ஒன்று என்று நான்கு போடுங்கள். கணினி இனப்பெயரை உறுதியாகச் சொல்லும், மிதவை ஈயிலும் கொள்ளை ஈயிலும் பல நேரம் சரியாகவும் இருக்கும். டாக்கினிட், ஆந்தோமையிட், மிட்ஜ் வகைகளில் அதை நம்ப வேண்டாம். படத்தை வைத்துச் சொல்லவே முடியாத இனங்கள் அங்கே ஏராளம். சேகரிப்பு கொஞ்சம் சேர்ந்ததும் அருங்காட்சியகத்துக்கு எழுதுங்கள். எட்மண்டனில் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தின் ஸ்டிரிக்லாண்ட் அருங்காட்சியகம், ரெஜைனாவில் ராயல் சஸ்காச்சுவான் அருங்காட்சியகம், வின்னிபெக்கில் மனிடோபா பல்கலைக்கழகத்தின் பூச்சித் தொகுப்பு. எல்லாவற்றுக்கும் மேலே ஆட்டவாவில் தேசியத் தொகுப்பு, ஒன்றரைக் கோடிக்கும் மேல் மாதிரிகளோடு.

மைனஸ் முப்பதிலும் ஈ உண்டு

நவம்பருக்கு மேல் வலையை மாட்டி வைத்துவிட்டு, கோல்டன்ராட் காய்ந்து நிற்கும் சாலையோரத்துக்குப் போங்கள். தண்டின் நடுவில் கோலிகுண்டு அளவுக்கு உருண்டை வீக்கம் இருந்தால், உள்ளே யூரோஸ்டா என்ற ஈயின் புழு படுத்திருக்கலாம். வெளியே உறைபனியென்றால் அதன் உடம்புக்குள்ளும் பனி கட்டும். கிளிசரால், சார்பிடால் ஆகியவற்றை உடம்பில் சேர்த்து வைத்திருப்பதால் செல்கள் உடையாமல் பிழைத்துக்கொள்ளும். குளிர் வருமுன்பே அது வெளியேறும் சுரங்கத்தை, தோல் மட்டும் மிஞ்சும்வரை தோண்டி வைத்துவிட்டுத் திரும்பிப்போய்ப் படுத்துவிடும்.

வீக்கத்தில் ஒழுங்கான சிறு துளை இருந்தால் மரங்கொத்தி முந்திக்கொண்டது. கிழித்துப்போட்டதுபோல் பெரிய ஓட்டை என்றால் சிக்கடீ என்ற சிறு பறவை. துளையில்லாதவற்றில் பத்துப் பன்னிரண்டைத் தண்டோடு வெட்டி, ஜாடியில் போட்டு, வாயில் வலைத்துணி கட்டி, பால்கனியிலோ ஷெட்டிலோ குளிரிலேயே வைத்திருங்கள். வீட்டுக்குள் வைத்தால் ஜனவரியிலேயே வெளியே வந்து, இணைசேர ஆளில்லாமல் செத்துப்போகும். மே மாதம் கோலம் போட்ட இறக்கையோடு ஈ வெளிவரும். சில வீக்கங்களிலிருந்து ஈக்குப் பதிலாக, புழுவைத் தின்று வளர்ந்த கறுப்புக் குளவி வரும், சிலவற்றிலிருந்து ஒரு சிறு வண்டு. வந்தது எதுவானாலும் தண்டை வெட்டிய இடத்தையும் வெட்டிய தேதியையும், வெளிவந்த தேதியையும் தனித்தனியாக எழுதுங்கள். பாதிப் பேர் முதல் தேதியை ஜாடியில் எழுத மறந்துவிடுகிறார்கள்.